நாடி வரைந்த தாள்: பாளையங்கோட்டைக்கு ஒரு நாள்

வெள்ளைக்கார ராஜா முடிசூட்டுக்கு மறுவருஷம் மாசியில் பாளையங்கோட்டைக்குப் போய்வந்தேன். என் மகள் ஆவுடை பேதியில் போய் அப்போது ஐந்து மாதம். அன்று நான் கார் நெல் அறுப்புக்குப் போயிருந்தேன். கடைசியில் ஏதோ கேட்டாளாம். பக்கத்து வீட்டாருக்கு விளங்கவில்லை. அது என்னவென்று தெரிந்தால் போதும் எனக்கு. செத்தவர்களின் பேச்சைச் சொல்லும் ஒருத்தியை அங்கே ஒரு டாக்டர் கருவி வைத்துச் சோதிக்கிறார், பிள்ளையை இழந்தவர்கள் வரலாம் என்றார்கள். கிளம்பிவிட்டேன்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பதினேழு மைல். போகவர வண்டிச் சத்தம் இரண்டு ரூபாய். விடியுமுன் கிளம்பினால், செய்துங்கநல்லூரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, உச்சி வெயிலுக்குமுன் போய்விடலாம்.

"பேயோட்டவா போறிய, யக்கா?" என்றான் வண்டிக்காரன் சுடலை.

"இல்லலே, நாடி பாக்க."

"அப்ப என் செவலை மாட்டுக்கும் பாக்கச் சொல்லுங்க. சாட்டையக் கண்டாலே அதுக்குப் படபடங்குது."

டாக்டர் என் வளையலைக் கழற்றச் சொல்லி, இடது மணிக்கட்டில் கருவியைக் கட்டினார். நாடி துடிக்கத் துடிக்க, அதன் ஊசி புகைக்கரி படிந்த தாளில் வெள்ளைக் கோடு கீறும். எழுத்துக்கூட்டி ஐந்து பெண் பேர் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒன்று ஆவுடை. எது என் மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கம்பவுண்டர் ஒவ்வொன்றாக வாசித்தார். சொல்கிறவள் பேர் மாடத்தி, என் வயசுதான். என் வலது கையைப் பிடித்திருந்தவள், "ஆவுடை" என்றதும், "இவதான்" என்றாள்.

பிறகு நடுவே திரை கட்டினார்கள். கையைத் தொடாமல், மகள் இறந்த மாதத்தைச் சொல்லச் சொன்னார் டாக்டர். தை என்றாள். தப்பு. இன்னும் பலபேரை வைத்துப் பார்த்தால்தான் எதையும் சொல்லமுடியும் என்றார் அவர்.

எனக்கு அதெல்லாம் பொறுக்கவில்லை. திரையை விலக்கி, கையை நீட்டி, "கடைசியா என்ன கேட்டா, சொல்லுளா" என்றேன்.

மாடத்தி ரொம்ப நேரம் பிடித்திருந்தாள். பிறகு பைய விட்டாள். "ஒங்களுக்கே தெரியாதத நான் எப்படிக்கா சொல்லுவேன்? ஒங்க கைதான எனக்குச் சொல்லுது."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏமாற்றியிருந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பாளே.

தாளைக் கேட்டேன். டாக்டர் கரி கலையாமலிருக்க அரக்குச்சாறு பூசிக் கொடுத்தார். மற்ற நாலு பெயருக்கும் கோடு ஒரே சீராக ஓடுகிறது. ஆவுடை என்ற இடத்தில் மட்டும் நெருங்கி நெருங்கித் துடித்திருக்கிறது.

"மவ பேசினாளா, யக்கா?" என்றான் சுடலை.

"இல்ல. வண்டியப் பைய விடு, தாள் இன்னும் காயல."

போகிறவர்கள் கண்ணாடி வளையலை வீட்டிலேயே கழற்றிவையுங்கள், அங்கே உடைகிறது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தாளைச் சுருட்டினால் கரி உதிரும். பலகையில் வைத்து மடியில் பிடித்துவாருங்கள். தெரியாததைக் கேட்கப் போகிறீர்கள் என்றால் போகவேண்டாம். பிள்ளை பேரை ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் போதுமென்றால், போங்கள். நான் இன்னொரு தரம் போவேன்.