ஆகஸ்ட் மாதத்துப் பனிச்சரிவு

முப்பத்தெட்டு வருஷம் வேட்டைக்காரராக வேலை பார்த்த ரோமெட்டுக்கு மகள் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு, மிருகக்காட்சிசாலைக்கு ஒரு வருட நுழைவுச்சீட்டு. மீன்பிடிக்கிறவனுக்கு யாராவது மீன்தொட்டி வாங்கிக் கொடுப்பார்களா? மகளாயிற்றே என்று வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததோடு சரி.

அவள் மீதும் தப்பில்லை. அவளுடைய அம்மா பிலோமேனா இறந்த வருஷம் அது. மூட்டு இரண்டும் போன கிழவரை மலையிலிருந்து இறக்கி நகரத்து மூன்றாவது மாடியில் குடிவைத்தாயிற்று. துப்பாக்கியையும் உரிமத்தையும் ஒப்படைத்தாயிற்று. இனி அவர் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுப் புறாக்களைக் குறிபார்ப்பதைவிட, இது மேல்.

ஊருக்கு மேலே, பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் இருக்கிறது அந்த மிருகக்காட்சிசாலை. சிங்கம், யானை என்று அங்கே போய்க் கேட்டால் முறைப்பார்கள். ஓநாய், தாடிக் கழுகு, மலையாடு என ஆல்ப்ஸ் மலையில் பூர்வீகம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம். இந்தக் கண்டிப்பை மனிதர்கள் விஷயத்திலும் கொண்டுவந்தால் டிரோல் மாநிலமே உருப்பட்டுவிடும் என்று பஸ்ஸில் சிலர் பேசிக்கொள்வதும் உண்டு.

ரோமெட் அங்கே போகத் தயங்கியதற்கு நிஜக் காரணம் தொழில் கௌரவம் அல்ல. உள்ளே ஒரு பலகை இருந்தது. ஒன்பது வருஷம் அதன் பக்கமே போகாமல் தப்பித்து வந்தவரை, மகள் சீட்டு வாங்கிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மலையாட்டுப் பாறைக்கு முன்னால் இருந்த அந்தப் பலகை சொன்னது இதுதான்: "லாவி. கிடா. பனிச்சரிவில் தாயை இழந்து அநாதையான இந்தக் குட்டியை, உயிரைப் பணயம் வைத்து மீட்டுவந்தவர் வேட்டைக்காரர் ரோமெட்." கீழே ஆகஸ்ட் மாதத்துத் தேதி. அதற்கும் கீழே, செலவை ஏற்ற வங்கியின் சின்னம். பனிச்சரிவுக்கு அவர்கள் மொழியில் லாவினே என்று பெயர்; அதைச் சுருக்கித்தான் லாவி என்று பள்ளிப் பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் மாதத்தில் எங்கிருந்து பனிச்சரிவு வந்தது என்று பதினைந்து வருஷமாக ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, ஒரு வாத்தியாரும் கேட்கவில்லை.

நடந்தது வேறு. அன்றைக்கு விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், குட்டியில்லாத கிழட்டுப் பெட்டை என்று கணக்குப் போட்டுத்தான் ரோமெட் சுட்டார். கிட்டே போய்ப் பார்த்தபோது மடியில் பால் கட்டியிருந்தது. பாறைக்குப் பின்னால் படுத்திருந்த குட்டி எழுந்து வந்து, செத்த தாயின் மடியை முட்டியது.

பால் கொடுக்கிற தாயைச் சுட்டவன் முகத்தில் எந்த வேட்டைக்காரனும் விழிக்கமாட்டான். சுட்ட விலங்கின் வாயில் ஊசியிலைக் கிளைநுனி ஒன்றை வைத்து, தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நிற்பது அவர்கள் முறை. கடைசிக் கவளம் என்பார்கள். பாதிரியார் பூசையில் தவறினாலும் தவறுவார், ரோமெட் அதில் தவறியதில்லை. அன்றைக்குத் தவறினார். யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் தாயைக் கவளமில்லாமலே கல் அடுக்கி மூடிவிட்டு, குட்டியைக் கோட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார். கேட்டவர்களிடம், "மேல கல்லு சரிஞ்சுடுச்சு" என்றார். கல் சரிந்தது போதாது என்று மிருகக்காட்சிசாலைக் கமிட்டிக்குத் தோன்றியிருக்க வேண்டும். பலகையில் ஏறும்போது பனி சரிந்துவிட்டது.

உண்மை தெரிந்தவள் மனைவி பிலோமேனா ஒருத்திதான். அவளும் போய்விட்டாள்.

அப்புறம் ஆறு வருஷம், சீட்டை வருஷாவருஷம் புதுப்பித்துக்கொண்டு, மழையோ பனியோ, ரோமெட் தினமும் பத்து மணி பஸ்ஸில் வந்து அந்த வேலியோரம் நின்றார். வந்தவர்கள் பலகையைப் படிப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், கைகுலுக்குவார்கள். பொய்க்குக் கைகுலுக்கல் வாங்கி வாங்கி அவருடைய வலதுகை மரத்துப்போயிருந்தது. கிடாவை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய்" என்பார். அதுவும் அவரை ஒரு பாறையை மதிக்கிற அளவுக்கு மதித்தது.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வால்புர்கா, ஊரெல்லாம் கூப்பிடுகிறபடி புர்கி, வைக்கோல் வாளியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"பெரியவரே, வியாழக்கிழமை டாக்டர் வராரு."

"யாருக்கு?"

"இவனுக்குத்தான். பல்லு ஒண்ணுகூட உருப்படியா இல்ல. பின்னங்காலும் போச்சு. ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க."

"எனக்கும் பல்லு இல்ல, காலும் போச்சு."

"உங்களுக்கு ஊசி போட மேலிடத்து அனுமதி வேணும். அது லேசுல கிடைக்காது."

ரோமெட் சிரிக்கவில்லை. அந்தப் பலகைக்குக் கீழேயே கிடா செத்துவிட்டால் பொய் நிலைத்துவிடும் என்று அவருக்குப் பட்டது. மூன்று நாள் இருந்தது. அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து இயக்குநருக்குக் கடிதம் எழுதினார். வேட்டை அறிக்கை எழுதிப் பழகிய கை. எந்த அலங்காரமும் இல்லை. தாயைச் சுட்டது நான். பனி சரியவில்லை, கல்லும் சரியவில்லை. வியாழக்கிழமைக்கு முன் பலகையை மாற்றிவிடுங்கள்.

புதன்கிழமை பதில் வந்தது. மகள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "'தங்கள் தன்னடக்கம் எங்களை நெகிழச் செய்துவிட்டது. ஓர் உயிரின் மரணத்துக்குத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும் இந்த உயர்ந்த உள்ளத்தை வருங்காலத் தலைமுறை அறிய வேண்டும். ஆகவே புதிய, பெரிய பலகையில் தங்கள் புகைப்படத்தையும் சேர்க்க...' அப்பா! உங்க போட்டோ போடப் போறாங்களாம்!"

"அதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கு, திரும்பப் படி."

"தன்னடக்கம்னு எழுதியிருக்கு. எந்தப் படம் குடுக்கலாம்? அந்தப் பச்சைக் கோட்டு போட்டது நல்லா இருக்கும்ல?"

ரோமெட் சூப்பில் மிதந்த உருண்டையைக் கரண்டியால் இரண்டாக வெட்டினார், நான்காக வெட்டினார், சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே போய்விட்டார். கதவு திறக்கவில்லை. புர்கி பின்வாசல் வழியாக உள்ளே விட்டாள். கிடா கொட்டகையில் படுத்திருந்தது. கொம்பின் பின்பக்கத்து வளையங்களை ரோமெட் விரலால் எண்ணினார். பதினைந்து. தப்பாமல் எண்ணத் தெரிந்த கைதான். அன்றைக்குத்தான் கண் தப்பிவிட்டது.

"புர்கி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இவன் அம்மாவ..."

"நீங்கதான் சுட்டீங்க" என்றாள் புர்கி, வைக்கோலைத் தட்டிக்கொண்டே.

கிழவர் கொம்பிலிருந்து கையை எடுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"எங்க அப்பாவும் வேட்டைக்காரர்தான். ஆகஸ்ட்ல பனிச்சரிவுன்னு எழுதி வச்சா எனக்குத் தெரியாதா? வேலைக்குச் சேந்த மொத நாளே சிரிச்சேன். அப்புறம் நீங்க வந்து நிக்க ஆரம்பிச்சீங்க. சிரிக்கிறத விட்டுட்டேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா நீங்க வர்றத நிறுத்திருப்பீங்க. இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? அவன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னா சீக்கிரம் கேளுங்க. எட்டரைக்கு டாக்டர் வந்துருவாரு."

கேட்கவில்லை. பதினைந்து வருஷம் பேசாத விஷயத்தைப் பத்து நிமிஷத்தில் பேச வரவில்லை. டாக்டர் வந்தார், ஊசியைப் போட்டார், கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். கிடா தலையைச் சாய்த்தது. அந்தப் பெரிய கொம்பு பலகைத் தரையில் மெல்ல இடித்த சத்தம், ஒருவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமல் போனதுபோல இருந்தது.

ரோமெட் சட்டைப்பையிலிருந்து ஊசியிலைக் கிளை ஒன்றை எடுத்தார்.

"ஐயோ, வாயில எதையும் வைக்கக் கூடாது. அறுத்துப் பாக்க எடுத்துட்டுப் போவாங்க" என்றாள் புர்கி. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, "நான் தண்ணி பிடிச்சுட்டு வரேன், கொஞ்ச நேரமாகும்" என்று வெளியே போனாள். குழாய் கொட்டகைக்கு உள்ளேதான் இருந்தது.

கவளத்தை வைத்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கமாக நிற்பதைப்போல இரண்டு மடங்கு நேரம் நின்றார். ஒன்று இவனுக்கு, ஒன்று கல்லுக்கடியில் இருந்தவளுக்கு.

மீதிக் கிளையைத் தொப்பியில் செருகும்போதுதான் குழப்பம் வந்தது. வேட்டை விழுந்தால் வலப்பக்கம், சாவென்றால் இடப்பக்கம். முறை தெளிவாகத்தான் இருக்கிறது, இப்படி ஒரு காலையை மட்டும் முன்னோர்கள் யோசிக்கவில்லை. கடைசியில் கிளையை இரண்டாக ஒடித்து இரண்டு பக்கமும் செருகிக்கொண்டார். டிரோலில் அப்படி ஒரு தொப்பியை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

வெளியே பலகை வழக்கம்போல மினுமினுத்தது. வங்கிக்காரர்கள் மாதம் ஒருமுறை துடைக்கச் சொல்லியிருந்தார்கள்.

பஸ்ஸில் அன்றாடம் பார்க்கிற அதே டிரைவர்தான்.

"என்ன பெரியவரே, கொம்பு முளைச்சிருக்கு! வேட்டைக்கா போனீங்க?"

"ஆமா."

"என்ன விழுந்துச்சு?"

"பெட்ட ஆடு. பால் குடுத்துட்டிருந்தது."

டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "நீங்களாவது, அதைச் சுடுறதாவது! உங்க பலகையை என் பொண்ணு மனப்பாடமா ஒப்பிப்பா, தெரியுமா? உக்காருங்க, உக்காருங்க." முன்சீட்டில் இருந்த தன் பையை எடுத்து இடம் கொடுத்தார். வண்டியைக் கிளப்பியபடி, கேலியாக, வேட்டை விழுந்தால் வேட்டைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்தையும் சொன்னார்.

அந்த ஆட்டுக்காக ரோமெட்டுக்குக் கிடைத்த முதல் வாழ்த்து. வாழ்த்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது முறையல்ல.

"நன்றி" என்றார் ரோமெட்.