காலைப் பிடித்தவர்

நான் வரைந்த எண்ணெய் ஓவியங்களில் இன்றுவரை என்னைக் குழப்புவது, என் கணவர் என் காலைப் பிடித்துவிடுகிற படம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் இருந்தோம். அவர் கணக்கு வாத்தியார். அவர் செருமினாலே வகுப்பு அடங்கிவிடும். அப்படிப்பட்டவர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, நான் கேட்காமலே நிலத்தில் அமர்ந்து என் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். பெருவிரலால் உள்ளங்காலை அழுத்தும்போது அவர் கண்கள் பாதி மூடிவிடும். எனக்கு உடம்பெல்லாம் சுகமாக இருக்கும். மனதுக்குள் மட்டும் ஒரு கேள்வி குடையும். இங்கே யார் யாருக்கு அடங்கிக் கிடக்கிறோம்?

விடை தெரியாமல்தான் அதை வரைந்தேன். சேலை முழங்கால்வரை ஏறிய என் கால்கள், சட்டையில்லாத அவர் தோள், பாதி மூடிய அந்தக் கண்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் ஆளிவிதை எண்ணெய் எங்கும் கிடைக்கவில்லை. எல்லாம் எண்ணெய்தானே என்று சமையலறை நல்லெண்ணெயில் வர்ணத்தைக் குழைத்தேன். என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல! நல்லெண்ணெய் காயாது. மூன்று கிழமை கழிந்தும் தொட்ட விரலில் வர்ணம் ஒட்டியது.

அவர் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு. ஆனா ஞாயிற்றுக்கிழமை அம்மா வாறா. என்ரை முகத்தை எடுத்துவிடும்.”

அவருடைய தாய் சண்டிலிப்பாயிலிருந்து மாதம் ஒருமுறை கத்தரிக்காயும் கையுமாக வருவார். மகன் பெண்சாதியின் காலைப் பிடிப்பதைக் கண்டால் ஊரைக் கூட்டிவிடுவார்.

“படத்தை ஒளிச்சு வைக்கிறனே?”

“ஈரப் படத்தை எங்கை ஒளிக்கிறது? ஏலாதெண்டால் சொல்லும்.”

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். வீடும் என்னுடையது, படமும் என்னுடையது. ஆனாலும் பழந்துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. காய்ந்த படமென்றால் மேலே வேறு வரைந்தாலும் பழைய முகம் அடியிலாவது கிடந்திருக்கும். அந்த இடத்தில் மீசைக்காரன் ஒருவனை மனம்போனபடி வரைந்து வைத்தேன்.

மாமி வந்தார், பார்த்தார். “கால் சுளுக்கோ பிள்ளை? உவர் ஆர், சுளுக்கெடுக்கிற பரியாரியோ?” என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காய் வெட்டப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து என் கணவர் படத்துக்கு முன்னால் நின்றார்.

“உவன் ஆர்?”

“ஒருத்தருமில்லை.”

“ஒருத்தருமில்லாதவனோ உம்மடை காலைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறான்?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. முகத்தை எடுக்கச் சொன்னவரே இவர்தானே!

“உவனை அழிச்சுப்போட்டுத் திரும்ப என்னைக் கீறும்,” என்றார்.

மீசைக்காரனைத் துடைத்தேன். கதவைச் சாத்தினோம். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு அமர்ந்து என் பாதங்களை எடுத்துக்கொண்டார். நான் தூரிகையோடு காத்திருந்தேன். அவர் கண்கள் என் காலிலும் இல்லை, என்னிலும் இல்லை. தன் தோள் படத்தில் எப்படி விழுந்திருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

“கண்ணை மூடுங்கோ.”

இறுக்கி மூடினார். அந்த முகம் எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. பெருவிரல் உள்ளங்காலை அழுத்தியது. ஒரு சுகமும் தெரியவில்லை.

“சரியாப் பிடிக்கிறனோ?” என்று கேட்டார். அத்தனை மாதங்களில் ஒருநாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

“ஓம்” என்று பொய் சொன்னேன்.