எந்த நம்பர் விழுந்தது?

"வுழுந்துட்ச்சி பாப்பா!" என்று அம்மாவின் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா போனில் அலறியபோது மணி மூன்று தாண்டியிருந்தது. வடக்கனந்தல் பள்ளியில் பாடத்தை நிறுத்திவிட்டு எடுத்த நான், எரிச்சலோடு "எந்த நம்பர்க்கா?" என்றேன். அப்படிக் கேட்ட என் வாயை என்ன செய்தால் தகும்? நம் கருணாபுரத்தில் நெருங்கியவர்களை 'அது' என்றுதானே பேசுவோம். விழுந்தது லாட்டரி இல்லை, என் அம்மா. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

என் அம்மா பூங்காவனம் பூக்கட்டி விற்றாள். பூக்கூடைக்கு அடியில் மூணு நம்பர் லாட்டரியும் விற்றாள். அவளிடம் வாங்கிய உங்களுக்குத் தெரியாததா? அரசு தடை செய்த சரக்கு. வெளிமாநிலக் குலுக்கலின் முடிவு மூன்று மணிக்குப் போனில் வரும். கடைசி மூன்று எண்கள் பொருந்தினால் 'வுழுந்துட்ச்சி'. அந்தக் காசில்தான் நான் ஆசிரியர் பயிற்சி படித்தேன். அவள் மட்டும் ஒருநாளும் தனக்கென்று வாங்கியதில்லை. "விக்கிறவளே வாங்கினா வூடு வெளங்குமா?" என்பாள்.

மூட்டை தூக்கும் மணியின் மனைவி சுமதி ஒருநாள் வந்து, "அவருக்குக் குடுக்காதீங்கக்கா, கால்ல வுழறேன்" என்று அழுதாள். அன்று அம்மா மணியை விரட்டினாள். அவர் அடுத்த தெருவில் வாங்கிக்கொண்டார். "நான் இன்னாடி பண்ணட்டும்? நான் குடுக்கலன்னா வேற ஒருத்தி குடுக்கிறா" என்ற அம்மா அன்று சாப்பிடவில்லை.

"விட்டுடும்மா" என்றால், "உனுக்கு வேலை கெடைக்கட்டும்" என்பாள். கிடைத்தது. "கல்யாணம் முடியட்டும்" என்றாள். அதுவும் முடிந்தது. கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அம்மாவை இறக்கிய ஆம்புலன்ஸைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அம்மாவுக்கு மாலை போட்டவர்கள் அப்படியே போய், அந்த எண்ணில் லாட்டரி வாங்க அதன் நம்பர் பிளேட்டைப் போனில் படம் பிடித்தார்கள். மணியும்தான். "சாவு வண்டி நம்பரு தப்பாதும்மா. அதுவும் உங்கம்மா வந்த வண்டி" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சுமதி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரைத் திட்டுவது?

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். மூன்று மணிக்குப் பந்தலே போனைப் பார்த்தது. விழவில்லை. "நாளிக்கு வுழும்" என்றார் மணி.

அன்று படம் பிடித்த உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அம்மாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த மூன்று மணிதான். வகுப்பில் நிற்கும்போதும் கை தானாகப் போனைத் தேடுகிறது. மல்லிகா அக்கா மறுபடி அலற மாட்டாளா, எந்த நம்பர் என்று நான் கேட்க மாட்டேனா, இந்த முறையாவது அவள் ஒரு நம்பரைச் சொல்ல மாட்டாளா.