வெள்ளை ஒயினுக்கு ஏற்ற இறால்

என் வீட்டுக்காரர் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் இன்சார்ஜ். புது மெஷின் ஓட்டப் பழகி வரச் சொல்லி கம்பெனி அவரை இத்தாலிக்கு அனுப்பியது. மெஷினைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. கற்றுக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்றுதான்: மீனுக்கும் இறாலுக்கும் வெள்ளை ஒயின்தான் பொருத்தம்.

அதை நிரூபிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். இரண்டு பேர் அவரோடு வேலை செய்கிறவர்கள். மூன்றாமவர் பழவேற்காட்டுப் பாய், இறால் வியாபாரம். குடிக்கமாட்டார். கும்மிடிப்பூண்டியில் என் இறால் குழம்புக்கு ஒரு பேர் இருக்கிறதென்றால், ஊரெல்லாம் சொல்லி அதைப் பரப்பியவர் அவர்தான். அன்றைக்கும் இறாலை அவரே காலையில் கொண்டுவந்து கொடுத்தார்.

"புளி வேணாம், மிளகாத்தூள் வேணாம். ஒயின் டேஸ்ட்டு அடிபட்டுடும்" என்றார் என் வீட்டுக்காரர்.

வெண்ணெய், பூண்டு, உப்பு, அவ்வளவுதானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்கு ஒயின் பாட்டில் கவலை. என் பேர் போனால் யார் மீட்டுத் தருவது? சொன்னபடியே வதக்கித் தொலைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று ஒரு கை இறாலை ஒதுக்கி, கத்தரிக்காய் போட்டுச் சின்னச் சட்டியில் குழம்பு வைத்து மூடினேன்.

இட்லி மாவுக்குப் பக்கத்தில் குளிர்ந்துகொண்டிருந்த பாட்டிலைத் திறந்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, எப்படி மோந்து பார்க்கவேண்டும் என்று இவர் வகுப்பெடுத்தார். இரண்டு பேரும் கஷாயம் குடிக்கிற முகத்தோடு தலையாட்டினார்கள். பாய் லெமன் சோடாவோடு இறாலைத் தின்றார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

அந்த ஒரு கேள்வியில் என் மானம் கப்பலேறிவிட்டது.

"எனக்கு ஒண்ணுமில்ல பாய். இத்தாலி போய்ட்டு வந்ததுலேர்ந்து உங்க ஃப்ரெண்டுக்குத்தான் சரியில்ல."

பிள்ளைகளுக்கு ஆம்லெட் போட்டால் ஆயிற்று என்று சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். மூடியைத் திறந்ததும் டம்ளர்கள் ஓரத்துக்குப் போயின.

"இத உள்ள வெச்சிக்கினு எங்களுக்கு இன்னாத்தையோ போட்டீங்களே அண்ணி" என்றார் பாய். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இவர் மட்டும் வீம்புக்கு ஒயினும் வெண்ணெயுமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். சட்டியைச் சாய்த்துக் காட்டினேன். பாய் சோற்றைப் போட்டுத் துடைத்துச் சாப்பிட்டிருந்தார்.

மிச்சமிருந்த வெண்ணெய் இறால் முழுவதையும் இவர் தட்டில் கவிழ்த்து, பாட்டிலையும் பக்கத்தில் வைத்தேன்.

"சாப்பிடுங்க. ரெண்டும் பொருத்தம்னு நீங்கதானே சொன்னீங்க."