லூர்து அக்காவின் இரவு பத்து மணி வரி

புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு எனக்கு போன் என்று மளிகைக் கடைக்காரர் கூப்பிட்டார். பேசியது எங்கள் வாட்ச்மேன் பலராமன். “சேகரு, லூர்து மேடம் பூட்டாங்கப்பா. அண்ணனூர்ல ரயில வுட்டு எறங்கச்சொல்ல மயங்கி உயுந்துட்டாங்களாம். ஆறு மணிக்கே உசுரு பூட்ச்சாம்.” ஐந்து மணிக்குத்தான் லூர்து அக்கா என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட், நட் செய்யும் எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் அறை லூர்து அக்காவின் பொறுப்பு. பக்கத்து நாற்காலி என்னுடையது. ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது மேனேஜர் போன் செய்து பாஸ்வேர்டு கேட்டார். போர்வையோடு ஆட்டோவில் வந்திறங்கி, தாமே தட்டிவிட்டுத் திரும்பினார். “பாஸ்வேர்டு இன்னா பஸ் பாஸா, கை மாத்திகினு போறதுக்கு?” என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

போன திங்கட்கிழமைதான் சர்வரில் லினக்ஸ் என்ற புது இயங்குதளத்தை ஏற்றினேன். யார் எப்போது உள்ளே வந்தாலும் அது தானாகவே ஒரு வரி எழுதி வைக்கும். அந்தக் கோப்புக்கு லாக் என்று பெயர்.

அடக்கம் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, அக்காவின் பெயரை சர்வரிலிருந்து நீக்கச் சொன்னார் மேனேஜர். அதற்குமுன் லாக்கைத் திறந்தேன். புதன் இரவு 22:10க்கு அக்கா உள்ளே வந்திருந்தார். 22:25க்கு வெளியேறியிருந்தார். அப்போது அவர் உடல் வீட்டில், ஐஸ் பெட்டியில் கிடந்தது. மேனேஜரையும் பலராமனையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

“சாயங்காலமே நான்தான் பூட்டு போட்டேன். ரூம்ல ஈ காக்கா இல்ல,” என்ற பலராமன் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்தார். மேனேஜருக்குப் பேயில் நம்பிக்கையில்லை. “செத்தவங்களா வந்து வேல செஞ்சாங்க? அந்தம்மா பாஸ்வேர்ட யாருக்கோ குடுத்திருக்கு,” என்றார். எனக்கு அது பேயைவிட மோசமாகப் பட்டது. பதில் சொல்ல அக்கா இல்லையே!

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நானே உள்ளே நுழைந்து லாக்கைப் பார்த்தேன். என் பெயருக்கு எதிரே 16:30. இன்னும் வராத சாயங்காலத்தில் நான் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உறைத்தது. லினக்ஸை ஏற்றும்போது, கம்ப்யூட்டரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறதா என்று கேட்டது. ஓடியது நம்மூர் நேரத்தில். நான் ஆமாம் என்று தட்டியிருந்தேன். நம்மூர் நேரமாக்குகிறேன் என்று அது பாட்டுக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டது. கழித்துப் பார்த்தால் அக்கா வந்தது 4:40, போனது 4:55.

அவருடைய மேசை நோட்டில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: “டைம் 5½ மணி ஜாஸ்தி. சேகர் கை தவறு. ஞாயிறு ஆள் இல்லாதப்ப நானே மாத்திடணும். மேனேஜருக்குத் தெரிய வேணாம்.”

அவர் மறைக்க நினைத்ததை நானே போய்ச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். “லூர்தம்மா மேல தப்பில்ல” என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்க் கடிகாரத்தைத் திருத்தினேன். மாலை மூன்றரை, காலை பத்து ஆனது. லாக்கின் அடுத்த வரி முந்தைய வரிக்கும் முன்னால் போய் நின்றது. இன்னும் கொஞ்சம் போகாதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரை மணி நேரத்தோடு நின்றுவிட்டது. புதன்கிழமை வெகு தூரத்தில் இருந்தது.

போய் வாருங்கள், அக்கா.