கொல்லைமேல் நான் வளர்த்த காடு

"நடுவுல இன்னாங்க இது, சொட்டை மாதிரி? எடுத்துடுங்க."

கள்ளக்குறிச்சியில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் முதலாளி, என் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, நான் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னது இது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கக் கல்வராயன் மலை வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். அவ்வளவு நீளம் ஒரே படத்தில் அடங்காது. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முந்தைய படத்தின் ஓரம் அடுத்ததிலும் வரும்படி எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டவேண்டும். கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, மூன்று நாள் மேகத்தோடு மல்லுக்கட்டி, பதினொரு படங்கள் எடுத்தேன்.

இடம் காட்டியது மலைக்கார அக்கா ஒருவர். "நம்ம கொல்லைக்கு எதிர்ல பாறை இருக்குது சார், அங்க நின்னா எல்லாம் தெரியும்" என்று கூட்டிப்போனார். எதிர்ச்சரிவில் அவருடைய சாமைக்கொல்லை. அப்போதுதான் உழுது போட்டிருந்தார். அது கொல்லையே இல்லை, காடு என்று சர்க்கார் கணக்கில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்களாம். பட்டாவுக்கு மனு எழுதப்போகிறாராம்.

"மனுவோட வைக்க எனக்கும் ஒரு படம் குடுங்க சார். கொல்ல நல்லா தெரியணும்."

"கண்டிப்பா தரேன்க்கா" என்றேன். அவர் கொல்லைக்குத் திரும்பிப் போனார்.

அந்தக் கொல்லைதான் முதலாளிக்குச் சொட்டை. சண்டை போட்டேன். "அங்க ஜனங்க பயிர் வச்சிப் பொழைக்கறாங்க, அதுவும் மலைதாங்க" என்று கத்தினேன். "சாப்புட வர்றவனுக்குப் பச்சையா இருந்தா போதும்" என்றார். எவ்வளவு திமிர்! அரை மணி நேரம் கத்திவிட்டு, கடைசியில் மவுஸைப் பிடித்தது நான்தான். பக்கத்து மரங்களை நகலெடுத்துக் கொல்லைமேல் வைத்து மூடினேன். வேலை அவ்வளவு சுத்தம், எங்கே மூடினேன் என்று எனக்கே தெரியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வாரம் முகூர்த்த வேலை ஜாஸ்தி. அக்காவுக்கான படத்தை அவசரமாகப் பிரிண்ட் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, மலைக்குப் போகும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். எந்தப் படத்தைப் போட்டேன் என்று திரும்பிப் பார்க்கவில்லை. கசங்கிவிடும் என்று அவரும் பிரிக்காமல், உறையோடு மனுவில் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

சில வாரம் கழித்துக் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னா சார் இப்பிடிப் பண்ணி வச்சிட்டீங்க? நீ குடுத்த படத்துலயே காடுதானம்மா இருக்குதுன்றாங்க ஆபீஸ்ல."

மறுநாளே, மூடாத படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அவரோடு அந்த ஆபீசுக்குப் போனேன். கிளார்க் அதையும் மனுவோடு இருந்த படத்தையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒருதடவை நேர்ல போய்ப் பாருங்க சார், கொல்லை எங்க ஓடிப்போகுது?" என்று எகிறினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ரெண்டும் நீங்க போட்டதுதானே? கொல்லையை எடுத்துட்டு மரத்த வச்சீங்களா, மரத்த எடுத்துட்டுக் கொல்லையை வச்சீங்களா? நான் எதைங்க நம்பறது?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார். நீங்க படம் எடுக்கறப்ப நான் கொல்லையில நின்னுகினு கை காட்டினேனே, சொல்லுங்க."

கை காட்டினார்தான். கொல்லையோடு சேர்த்து அவரையும் மரத்தால் மூடியிருந்தேன்.

"கொல்லையும் இருந்திச்சி, இவங்களும் இருந்தாங்க. நான்தாங்க அழிச்சேன்" என்றேன்.

கிளார்க் தலையை ஆட்டினார். பிறகு இரண்டு படங்களையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மனுவை மட்டும் மற்ற மனுக்களின் கட்டோடு சேர்த்து வைத்தார்.