குறைக்கச் சொன்ன சோறு

கிளிநொச்சி நீரிழிவுக் கிளினிக்கில் டொக்டர் ஒரு தட்டின் படத்தைக் காட்டி, கால்வாசி மட்டுமே சோறு என்று சொன்னபோது, அக்கா தலையாட்டிய விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அவ்வளவு பணிவு. "ஓம் டொக்டர், இனிக் குறைக்கிறன்" என்றாள். பொய் சொல்லவில்லை. விசுவமடுவுக்கு பஸ் ஏறமுன்னர் சந்தையில் வெள்ளரிக்காயும் வல்லாரையும் வாங்கினாள்.

சில நாட்கள் அப்படியே நடந்தாள். பிறகு ஒரு பின்னேரம், குசினிக் கதவோடு சாய்ந்திருந்து, வறுத்த மாவில் சீனியைக் கொட்டி, தண்ணீர்கூட விடாமல் அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் கை நிற்கவில்லை. கண்ணீர் ஓடியது, வாய் மென்றுகொண்டேயிருந்தது.

"பசிக்குதோ அக்கா?"

"பசியில்லையடி. குறை எண்டு சொன்னவுடனே, நாளைக்கு ஒண்டும் கிடையாது எண்ட பயம் வந்திடுது. வயிறு நிறைஞ்சாலும் நம்புதில்லை."

யுத்தத்தின் கடைசி மாதங்களில், பதுங்குகுழிக்குள் கஞ்சியை எங்களுக்கு ஊற்றிவிட்டுப் பானையை வழித்துக் குடித்தவள் அவள். முகாமில் கிடைத்த முதல் சோற்றுப் பொதியைச் சாப்பிடாமல், நெடுநேரம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள்தான் நினைத்திருந்தோம்.

அத்தான் அவளில் உயிரையே வைத்திருப்பவர். சீனி, மா எல்லாவற்றையும் அலுமாரியில் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். அவள் மூட்டையிலிருந்த அரிசியை அப்படியே சப்பத் தொடங்கினாள். மனம் கேளாமல் திறப்பைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வெட்கத்தில் பட்டினி கிடந்து, பிறகு முன்னிலும் கூடுதலாகச் சாப்பிட்டாள். இதற்கிடையில் கால்விரலில் வந்த புண் ஆறவேயில்லை. விரலை எடுத்தார்கள். "இனி வாயைக் கட்டுவன்" என்று வார்டில் அத்தானின் கையைப் பிடித்து அழுதாள். அதுவும் பொய்யில்லை.

போன கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் வல்லாரைச் சம்பலோடு கொஞ்சம் சோறு சாப்பிட்டு, "பாத்தியளே, எனக்கு இது போதும்" என்று அத்தானிடம் சொல்லிவிட்டுக் கை கழுவினாள். அத்தானின் முகம் மலர்ந்தது. சந்தோசமாக வயலுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தார். அதன் சத்தம் வாய்க்கால் பக்கம் தேயும்வரை என்னோடு கதைத்துக்கொண்டிருந்த அக்கா, தடியை ஊன்றி எழுந்தாள்.

"தண்ணி குடிச்சிட்டு வாறன்."

சோற்றுப் பானையின் மூடியை மெதுவாக நிலத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போகவேண்டும் போலிருந்தது. கதிரையிலேயே இருந்தேன்.